பேச்சுக் கட்டம்

"அம்மா, அப்பா பல்லைப் புடுங்கறாரு. நீ என்ன புடுங்கறே?"

மகள் முதல் வகுப்பில் இருந்தபோது சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்வி இது. குழந்தை மனசில் கள்ளம் ஏதும் இல்லை. பல் டாக்டரான அப்பாவின் தொழில் அதற்கு விளங்கியது, பொறியியல் கல்லூரியில் அம்மா பார்க்கும் தொழில் விளங்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. "தொழிற்சாலையில வேண்டாத வேலையைப் புடுங்கறேன் கண்ணு. ஒருத்தர் பத்து தடவை நடக்கற இடத்துல ரெண்டு தடவை நடந்தா போதும்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன். சரக்கு எப்போ வரணும், எங்கே இருக்கணும், எப்படிப் போகணும்னு சொல்லித் தர்றேன்."

குழந்தை சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டது. "அப்போ நடக்காத எட்டு தடவை அவரு என்ன செய்வாரு?"

அதற்குப் பதில் பாடப்புத்தகத்தில் இல்லை.

மகள் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மா அதே கல்லூரியில் அதே துறையில் இருந்தார். எல்லோரும் 'மேடம்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஸ்டாப்வாட்ச்' என்றார்கள். பகலில் மாணவர்களுக்குத் தொழிற்பொறியியல் வகுப்பு. மாலையில் கிடங்குக்காரர்கள், லாரி அனுப்புகிறவர்கள், கொள்முதல் பார்க்கிறவர்கள் என்று வெளியிலிருந்து வருபவர்களுக்கு சப்ளை செயின் பயிற்சி. அந்த மாலை வகுப்பு மேடத்துக்கு உயிர். கடவுள் தன்னை எதற்குப் படைத்தார் என்று யாராவது கேட்டால், கூசாமல் அந்த வகுப்பைக் காட்டியிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு, தான் ஒன்றுமே புடுங்கவில்லை என்று கல்லூரித் தகவல் பலகையில் ஒட்டியிருப்பதை ஒரு திங்கட்கிழமை காலையில் மேடம் பார்த்தார்.

ஒட்டியது அவருடைய மாணவர்கள். ஒட்டச் சொன்னதும் அவரேதான்.

ஆசிரியர்களின் நேரம் எதில் போகிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும் என்றார் முதல்வர். மேடம் முந்திக்கொண்டு, "எங்க பசங்களுக்கு இது செய்முறைப் பயிற்சி சார், நாங்களே பண்றோம்," என்றார். முறை எளிதானது. சீட்டுக் குலுக்கி நேரம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு மாணவி அட்டையோடு போய் ஆசிரியரின் அறையை எட்டிப் பார்ப்பாள். அந்த நொடியில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதற்கு ஒரு டிக். நான்கு கட்டங்கள்: வேலை, காத்திருப்பு, பேச்சு, ஆள் இல்லை. தொழிற்சாலைக்காக மேடம் எப்போதோ எழுதிய கையேட்டில் ஒரு வரி உண்டு, அடிக்கோடு போட்டு: 'பேச்சு, வேலையில் சேராது.'

முதல் வார முடிவில், கல்லூரியிலேயே பேச்சுக் கட்டத்தில் முதலிடம் மேடத்துக்கு. ஒட்டியிருந்த வரைபடத்தில் அவர் பெயருக்கு எதிரே இருந்த பட்டை பலகையின் ஓரத்தைத் தொட்டது.

வேலைக் கட்டத்தில் முதலிடம் பக்கத்து அறை கம்ப்யூட்டர் பேராசிரியருக்கு. மாணவர்கள் அவரை 'ஸ்க்ரீன்சேவர் சார்' என்பார்கள். திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கை மவுஸ்மேல் இருக்கும், கண் மூடியிருக்கும்.

மேடம் அட்டைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டார். ஒல்லியான, அமைதியான, நேர்மையான பெண். அந்த நேர்மையை ஊட்டியவர் மேடம்தான் என்பதால் இப்போது திட்டவும் முடியவில்லை.

"ஏம்மா, நான் எப்பப் பாத்தாலும் பேசிக்கிட்டா இருக்கேன்?"

"நான் பாத்தப்பல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருந்தீங்க மேடம்."

"யாரோட?"

"பசங்களோட. சந்தேகம் கேட்டு வந்தவங்களோட. ரெண்டு தடவை என்னோட."

"உன்னோடயா?"

"அட்டையை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க மேடம்."

மேடம் மூச்சை இழுத்து விட்டார். "சரி, அவரு கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தாரே. அது வேலையா?"

"கை இயந்திரத்துல இருந்தா வேலைன்னு உங்க கையேட்டுல இருக்கு மேடம்."

மேடம் நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

"இதை வச்சு என்ன சார் முடிவு பண்ணப்போறீங்க?"

முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னும் ஒரு வாரம் பாக்கணும் மேடம். அதுக்கப்புறம் நிர்வாகம் ஒரு முடிவு எடுக்கும்."

"அதான், என்ன முடிவு?"

"எதுக்காகப் பாக்கறோம்னு பாக்கப்படறவங்களுக்குச் சொன்னா ஆய்வே கெட்டுப்போயிடும்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க."

சொல்லிக்கொடுத்தவரிடமே அதைத் திருப்பிச் சொன்னதில் முதல்வருக்கு ஒரு திருப்தி. மேடத்துக்குப் பழைய ஆய்வுகள் நினைவுக்கு வந்தன. எத்தனை தொழிற்சாலைகளில் இந்த ஆய்வை நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பேச்சுக் கட்டத்தில் மேலே இருந்த ஆள்தான் கடைசியில் வேறு பிரிவுக்கோ வாசலுக்கோ அனுப்பப்பட்டார். பகல் வேலை போனால் மாலை வகுப்பும் கூடவே போய்விடும்.

வீட்டில் பல் டாக்டர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்னைப் பாரு," என்றார். "என்கிட்ட வர்றவங்க வாயைத் திறப்பாங்க, ஆனா பேச முடியாது. அதனாலதான் என் வேலை சுத்தமா முடியுது."

"நான் அழற நிலைமையில இருக்கேன். உங்களுக்குக் கிண்டலா இருக்கு."

"கிண்டல் இல்ல. நீயும் பேசாம இருந்து பாரேன், ஒரு வாரம்."

"நான் வாத்தியாருங்க. பேசாம இருக்க நான் என்ன அலமாரியா?"

"பக்கத்து ரூம்காரரு இருக்காரே."

அந்தப் பதில் ராத்திரி முழுவதும் மேடத்தைக் குடைந்தது. காலையில் எழுந்தபோது தீர்மானம் பிறந்திருந்தது. இந்த வாரம் வேலைக் கட்டத்தில் தனக்கே முதலிடம்.

முதல் காரியமாகக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: 'வேலை நேரத்தில் சந்தேகம் கேட்கக் கூடாது.'

சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே சலசலப்பு. நாலைந்து பேர் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையை நீட்டினான்.

"மேடம், வேலை நேரம்னா எது? நமக்கு வகுப்பு இருக்கற நேரமா, இல்லாத நேரமா?"

"இருக்கற நேரம், இல்லாத நேரம், ரெண்டும்தான்."

"அப்போ எப்பதான் கேக்கறது?"

"கேக்காதீங்கன்னுதானேப்பா எழுதியிருக்கு."

"எழுதியிருக்கறதுலதான் மேடம் சந்தேகம்."

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் அட்டை தெரிந்தது. டிக். பேச்சு.

"இது பேச்சே இல்லம்மா. பேச்சை நிறுத்தறதுக்காகப் பேசறது."

"அப்படி ஒரு கட்டம் இல்ல மேடம்," என்றாள் அந்தப் பெண், உண்மையான வருத்தத்துடன்.

அடுத்த நாள் மேசையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டார். கதவுக்கு முதுகு. யார் வந்தாலும் திரும்புவதில்லை என்று முடிவு. விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. மேடம் திரும்பவில்லை. மறுபடி தட்டப்பட்டது.

"மேடம், உங்க கை தெரியலை. வேலை பாக்கறீங்களா, காத்திருக்கீங்களா?"

"வேலை," என்றார் மேடம் சுவரைப் பார்த்து.

வெளியே அட்டை புரளும் சத்தம். "இப்போ பேசிட்டீங்க மேடம்."

மேடம் நாற்காலியோடு திரும்பினார். "நீ கேட்டதுக்குத்தானே சொன்னேன். உனக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு மேடம். அதனாலதான் டிக் பண்றேன்."

அந்தப் பெண் போன பிறகு மேடத்தின் பார்வை மேசை இழுப்பறையில் போய் நின்றது. குலுக்கி எடுத்த நேரங்களின் நகல் அதற்குள் இருந்தது. திறந்து ஒருமுறை பார்த்தால் போதும், எந்த நேரத்தில் வருவாள் என்று தெரிந்துவிடும். கை இழுப்பறைவரை போனது. அந்தக் குற்றத்துக்காகவே ஒரு மாணவனை ஒரு பருவம் முழுவதும் மறுபடி உட்காரவைத்தவர் அவர். கையை இழுத்துக்கொண்டார். சாமி சும்மா விடாது என்ற பயமும் ஒரு காரணம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வருகிற கூட்டத்தைத் தடுத்தால்தானே தகராறு. வேறு பக்கம் திருப்பிவிட்டால்? பக்கத்தில் ஒரு மனிதர் தினமும் சும்மா உட்கார்ந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினார்: 'சந்தேகங்களுக்கு: பக்கத்து அறை.'

அன்று முற்பகலிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்க்ரீன்சேவர் சாரின் தூக்கக் குரல். "யாரு? எதுக்கு? என்கிட்டயா?" மேடம் விடைத்தாளில் ஒரு மதிப்பெண் தாராளமாகப் போட்டார்.

அந்தத் தாராளம் நீடிக்கவில்லை. கதவு தட்டப்பட்டது. ஸ்க்ரீன்சேவர் சார் நின்றார், கண் சிவந்து.

"மேடம், ஒரு பையன் வந்து, அவசரத்துக்குன்னு கையிருப்பு எவ்வளவு சேத்து வைக்கணும்னு கேக்கறான்."

"சரக்கு வந்து சேர எவ்வளவு நாளாகுதுங்கறதைப் பொறுத்தது சார்."

போனார். திரும்பி வந்தார். "நாள் கூடக் குறைய ஆனா என்ன பண்றதுன்னு கேக்கறான்."

"அதுக்குத்தான் சார் அந்தக் கையிருப்பே."

போனார். இந்த முறை வரக் கொஞ்சம் நேரமானது. "எல்லாச் சரக்கையும் ஒரே தடவையா வாங்கிப் போட்டுட்டா நிம்மதியா இருக்கலாமேன்னு ஒரு சந்தேகம்."

"அவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டானே. நல்லாப் படிக்கற பையன்."

"அவன் கேக்கலை. அது என் சந்தேகம்."

மேடத்துக்குத் தலை கிறுகிறுத்தது. நேரே வர வேண்டியது இடையில் ஒரு கை மாறினால் தாமதமாகும், பெரிதாகும், உருமாறும் என்று மாலை வகுப்பில் படம் போட்டு விளக்குவார். எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறார். இப்போது அந்த இடைக்கையைத் தானே நியமித்து, தன் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே நடக்கவிட்டிருக்கிறார்.

"உக்காருங்க சார்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "முதல்ல இருந்து சொல்றேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போது அட்டை வந்தது. பேச்சு. ஸ்க்ரீன்சேவர் சாருக்கும் ஒரு டிக், அவர் கணக்கில். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. "அப்போ சேத்து வச்சாலும் தப்பு, வைக்காட்டியும் தப்பு. நல்லாருக்கே இது," என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வருவது குறைந்தது. மதியத்துக்கு மேல் வரவேயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் காலையிலிருந்து மாலைவரை பேச்சு, சிரிப்பு, பலகையில் எழுதும் கீச்சுச் சத்தம்.

"அந்த மனுஷன் என் பாடத்தை என் பசங்களுக்கு நடத்தறாரு," என்று மேடம் வீட்டில் பொருமினார்.

"நீதானே அனுப்பினே?"

"அனுப்பினா? அனுப்பினவுடனே போயிடறதா?"

பல் டாக்டர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். குடும்ப வாழ்க்கையில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மேடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருத்த விடைத்தாள்கூட மிச்சம் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து பிடித்திருந்தார்.

"மேடம்," என்று ஒரு கனத்த குரல் வாசலில்.

யாரென்று திரும்பாமலே தெரிந்தது. மாலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஷூ கம்பெனிக் கிடங்குக்காரர். பகலில் ஒருநாளும் வந்ததில்லை. அனுமதி கேட்டு ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"மேடம், கிடங்குல சோல் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு. நாடா ஒண்ணுகூட இல்ல. நாடா இல்லாம ஒரு ஜோடிகூட வெளியே போகலை. நாளைக்கு முதலாளி வந்து பாக்கறாரு. இதை எப்படிச் சரி பண்ணுவேன்னு எழுதிக் குடுக்கலைன்னா, ஷூவுக்கு முன்னாடி நான் வெளியே போயிடுவேன் போலிருக்கு."

மேடத்தின் உதடு அசைந்தது. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டமாதிரி இருந்தது. அட்டையாக இருக்கலாம். இன்று ஒரு நாள்தான். இன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் வேலை தப்பும்.

அவர் திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, பக்கத்து அறையைச் சுட்டிக் காட்டினார்.

பிறகு, "சரிங்க மேடம், வேலையா இருக்கீங்க. தொந்தரவு பண்ணிட்டேன்," என்றது குரல். அதில் கோபம் இல்லை, மனக்குறைகூட இல்லை. அதுதான் மேடத்தைக் குத்தியது. அந்த மனிதர் ஏசியிருந்தால் திரும்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெள்ளைத் தாளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"மேடம், இன்னிக்கு வேலைக் கட்டத்துல டிக் பண்ணியிருக்கேன்," என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அந்த வாரம் முழுவதிலும் மேடம் உண்மையாகவே ஒரு வேலையும் செய்யாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரீன்சேவர் சாரின் குரல் கேட்டது. கத்திக் கத்தி அது கரகரத்துப் போயிருந்தது. "அண்ணே, முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. ஒரு நாளைக்கு எத்தனை நாடா வேணும்? புது நாடா வர எத்தனை நாளாகும்? இது ரெண்டும் தெரிஞ்சாப் போதும், மத்ததை நாம பாத்துக்கலாம்." மேடத்தின் சொற்கள், ஒன்று பிசகாமல். சாப்பாட்டு மணி அடித்தது. அந்தக் குரல் நிற்கவில்லை. மாலை மணி அடித்தபோதும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் ஒரு முடிவோடு வந்தார். அனுப்புவதாக இருந்தால் அனுப்பட்டும். ஆனால் சும்மா போகப்போவதில்லை. பேச்சு வேலையில் சேராது என்று எழுதிய அந்தக் கையே இப்போது எழுதும்: வாத்தியாரின் பேச்சு வேலை இல்லையென்றால் கல்லூரி எதற்கு, கட்டடம் எதற்கு, முதல்வர் எதற்கு. வழியெல்லாம் வாக்கியங்களைக் கூராக்கிக்கொண்டே வந்தார். காலை வகுப்புகளை முடித்துச் சாப்பாட்டு இடைவேளையில் போனபோது முதல்வர் அறையில் இல்லை. வெளியே அலுவலக உதவியாளர் அம்மாள் கம்ப்யூட்டரில் உத்தரவு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னை அனுப்பற உத்தரவா?" என்றார் மேடம். "குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டு, எனக்குத் தோணறதைக் கீழேயே எழுதிட்டுப் போறேன்."

உதவியாளர் அம்மாள் விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களை யாரு மேடம் அனுப்பறது? சப்ளை செயின் பயிற்சிக்குன்னு தனியா ஒரு மையம் தொடங்கறாங்க, யாரைத் தேடி ஆளுங்க பேச வர்றாங்களோ அவங்கதான் அதுக்குத் தலைமை. முதல் வாரம் நீங்கதான் முதல்ல இருந்தீங்க, ரெண்டாவது வாரம் பக்கத்து ரூம் சார் உங்களைத் தாண்டிட்டாரு."

மேடம் வராந்தாவுக்கு வந்தார். சாப்பாட்டு நேரம், வராந்தாவில் ஆள் இல்லை. தூங்குமூஞ்சி. நேற்றுவரை கையிருப்புக்கும் கைக்குட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். காலையில் கூராக்கிய வாக்கியங்கள் அத்தனையும் வீணாகவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. பக்கத்து அறைக் கதவைத் தட்டாமலே தள்ளினார்.

ஸ்க்ரீன்சேவர் சார் தூங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை மவுஸ்மேல் கை இல்லை. மேசைமேல் தலை கவிழ்ந்து, வாய் திறந்து, நிஜமான தூக்கம். பலகையில் கூரையைத் தொடும் சோல் அடுக்கு ஒன்றும், பக்கத்தில் தனியாக ஒற்றை நாடா ஒன்றும் வரைந்திருந்தது. கீழே கணக்கு. மூன்று முறை தப்பாகப் போட்டு அடித்து, நான்காவது முறை சரியாக வந்திருந்தது. சரியான விடையைச் சுற்றி வேறொரு கையெழுத்தில், கோணலாக, பெரிய வட்டம். கிடங்குக்காரர் போட்டது.

மேடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபம் தணியவில்லை. அது பாட்டுக்கு உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கால் தன் அறைக்குப் போனது. அலமாரியிலிருந்து மாலை வகுப்புப் பாடங்களை எடுத்தார். படங்கள், பயிற்சிக் கணக்குகள், எந்தக் கேள்வியில் ஆள் தடுக்கி விழுவார் என்று ஓரத்தில் எழுதிய குறிப்புகள், எல்லாம். ஒரே தடவையில் தூக்க முடியவில்லை. இரண்டு நடை நடந்து, சத்தம் வராமல் அந்த மேசையின் ஓரத்தில் அடுக்கினார். மேலே பெயர் எழுதவில்லை, சீட்டு வைக்கவில்லை.

தூங்குகிறவர் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு மேடம் வெளியே வந்தார்.